வெளிர்நீலப் போர்வை போய்விட்டது

லேக் மார்க்கெட், கல்கத்தா
14-3-71

அன்புள்ள அருக்காணிக்கு,

நான் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா? சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா?

படம் எடுக்கும்போது ஆளுக்குப் பின்னால் கட்ட நீ அனுப்பிய வெளிர்நீலச் சென்னிமலைப் போர்வை போய்விட்டது. அரக்கு வாங்கலாம் என்றுதான் நீ சொன்னாய். அரக்கு, படத்தில் கறுப்பாக விழுந்து தலைமுடியை விழுங்கிவிடும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஜாதவ்பூரில் ஒரு வீட்டு முற்றத்தில் போர்வையைக் கொடியில் கட்டி, கல்யாணப் பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் குண்டு வெடித்தது. ஒரு வாலிபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். குடல் கைக்குள் நிற்கவில்லை. என் காமிராவைப் பார்த்ததும், "சோபி துல்பேன் நா, தாதா" என்றான். படம் எடுக்காதீர்கள் அண்ணா என்று கெஞ்சுகிறான். படம் போலீசுக்குப் போய்விடும் என்று பயம். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். துரத்தி வந்தவர்கள் போர்வையோடு சேர்த்தே குத்தினார்கள். துணி அசைவது நிற்கும்வரை குத்தினார்கள்.

என்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவிடம் போர்வை கிழிந்துவிட்டது என்று மட்டும் சொல்.

புதுத்துணி வாங்காதே. உன் அரக்குச் சேலையை இரண்டாக வெட்டி, அகலத்துக்குச் சேர்த்துத் தைத்து அனுப்பு. மடித்தால் கோடு விழும், சுருட்டிக் கட்டு. அரக்கில் கறை தெரியாது.

ஊரடங்குக்குள் தபாலில் போட வேண்டும், ஓடுகிறேன். சேலையைத் துவைக்காதே. நீ கட்டி அவிழ்த்தபடியே வரட்டும்.

உன்
பன்னீர்செல்வம்