கூரைமேல் நின்ற மணமகளுக்கு ‘வரவில்லை’ போட்டது தொடர்பாக

அனுப்புநர்:
திருமண விண்ணப்ப எண் 214-இன் மணமகள்,
தொழில்: ஓடு வேய்தல்.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
மாவட்டப் பதிவு அலுவலகம்.

பொருள்: ‘மணமக்கள் வரவில்லை’ என்ற பதிவை நீக்கி, 19-ஆம் தேதிக்குள் எங்கள் திருமணத்தைப் பதிவு செய்து தரவும், அலுவலகக் கூரையில் ஏறியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு அளித்த கடிதத்தைத் திரும்பப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் பதினோரு ஆண்டுகளாக ஓட்டுக் கூரை வேலை செய்து வருகிறேன். உடன் வேலை செய்பவர்கள் என்னைப் ‘பூனை’ என்று அழைப்பார்கள். மணமகன் பேக்கரி மாஸ்டர். நேற்று, 10-ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கே இரு வீட்டாருடன் தங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்துவிட்டோம்.

2. இரு வீட்டார் என்று எழுதினாலும், என் அப்பாவும் மணமகனின் அப்பாவும் ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கப்பலில் சமையல்காரரான என் அப்பாவுக்கு, விடியும் முன்பே வேலைக்குப் போகும் மாப்பிள்ளை பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற பஸ் பரிசோதகரான அவருடைய அப்பாவுக்கு, வீட்டுக்கு வரும் மருமகள் ஊரார் கூரையில் நிற்பது பிடிக்கவில்லை. எங்களுக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட மட்டும் ஒப்புக்கொண்டு, ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

3. பத்து மணியளவில் மழை பிடித்துக்கொண்டது. கூரையின் விளிம்பான இறவாரத்திலிருந்து ஓர் ஓடு சரிந்து வாசற்படியில் விழுந்து உடைந்தது. தெய்வாதீனமாக யார்மீதும் படவில்லை. அடுத்த நிமிடமே பதிவேடு இருந்த மேசையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சார்பதிவாளர் ஐயா பதிவேட்டைத் தன் மடியில் வைத்துக் குடை பிடித்துக்கொண்டார். “ஒழுகறது நிக்கலைன்னா இன்னிக்குப் பதிவு கிடையாது, எல்லாரும் வேற தேதி வாங்கிட்டுப் போங்க” என்றார். எங்களையும் சேர்த்து ஆறு ஜோடிகள் காத்திருந்தோம். ஒரு மணப்பெண் அழுதேவிட்டார். என் அப்பா 19-ஆம் தேதி கப்பலேறினால் திரும்ப எட்டு மாதமாகும். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் வண்டியில் பை இருந்தது. பையில் சுத்தியலும் ஆணியும் கயிறும் இருந்தன.

4. மழை விட்டதும் சார்பதிவாளரிடம், “ஐயா, நான் ஏறிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். “யாராவது ஏதாவது பண்ணுங்கம்மா” என்றார். அதை நான் அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன். பக்கத்து அச்சகத்தில் ஏணி தந்தார்கள். பட்டுப் புடவைக்கு மேல் வேலைச் சட்டையைப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, இடுப்பில் கயிறு கட்டி ஏறினேன்.

5. காற்றினால்தான் ஓடு பெயர்ந்தது என்று கீழே சொன்னார்கள். காற்றின்மேல் பழி போடுவது எளிது. மேலே நான் கண்டது: முகட்டுப் பூச்சில் விரிசல். அதன் வழியே பல மழை இறங்கி, ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டம் விரல் வைத்தால் உதிரும் அளவுக்கு மக்கியிருந்தது. ஓரத்து ஓடுகளுக்கு அடித்தவை சாதாரண இரும்பாணிகள். துருவேறித் தலைகளே இல்லை. போதாததற்கு, கேபிள் இழுக்க வந்தவர்கள் ஓட்டின் நடுவில் மிதித்து நடந்து நான்கை உடைத்திருக்கிறார்கள். ஓட்டின் கீழ்விளிம்பில், சட்டம் ஓடும் இடத்தில்தான் காலை வைக்க வேண்டும்.

6. மேல் வரிசையைக் கட்டை கொடுத்துத் தூக்கி, உடைந்தவற்றை உருவினேன். மக்கிய சட்டத்தை அறுத்தெடுத்து, அச்சகத்தார் கொடுத்த நல்ல கட்டையை வைத்து அடித்தேன். அலுவலகத்தின் பின்புறம் குவித்திருந்த பழைய ஓடுகளில் நல்லதாகப் பதினான்கு தேறின. கீழிருந்து மேலாக, ஒவ்வோர் ஓட்டின் மூக்கும் சட்டத்தில் மாட்டும்படி அடுக்கினேன். ஓரத்து வரிசைக்குத் துத்தநாகம் பூசிய ஆணி. அதையும் இறுக்கி அடிக்கவில்லை. வெயிலில் ஓடு அசைய இடம் வேண்டும், இல்லையேல் வெடித்துவிடும். முகட்டு விரிசலுக்குத் தார்த்தாள் ஒட்டியது தற்காலிகம்தான்.

7. உயரம் என்றாலே தலைசுற்றும் மணமகன், ஏணியின் நான்காம் படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பதினான்கு ஓடுகளையும் எடுத்துக் கொடுத்தார். ஈரத் தரையில் ஏணி வழுக்கியது. என் அப்பா ஏணியின் ஒரு காலைப் பிடிக்க ஓடிவந்தார். மறு காலை அவருடைய அப்பா பிடித்தார். சற்று நேரத்தில் கீழிருந்து, “சம்பந்தி, உங்க பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, நம்ம பொண்ணு மேல நிக்குது” என்று அவருடைய அப்பாவின் குரல் கேட்டது. ஐயா, அதற்குப் பிறகு அடித்த ஆணிகளை நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

8. சொட்டுவது நின்றது. பதிவு தொடங்கியது. மூன்றாவதாக எங்கள் எண்ணை எழுத்தர் விதிப்படி மூன்று முறை அழைத்தார். “இதோ வந்துட்டேன், ரெண்டு ஓடுதான் பாக்கி!” என்று நான் மேலிருந்து கத்தினேன். கூரையிலிருந்து பதில் சொல்வது நேரில் வந்ததாகாது என்று ‘வரவில்லை’ எழுதிவிட்டார். புதிதாக விண்ணப்பித்து முப்பது நாள் காத்திருக்க வேண்டுமாம். நான் இறங்கி வரும்போது மற்ற ஐந்து ஜோடிகளும் மாலையும் கழுத்துமாக நின்று கைதட்டினார்கள். கூடவே, அனுமதியின்றி ஏறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் என் கையில் தரப்பட்டது.

9. எழுத்தர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வேலையை அவர் செய்தார். மணமகன் எல்லோருக்கும் சுட்டு வந்திருந்த பன்னில் அவரும் இரண்டு சாப்பிட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

10. ஆகவே ஐயா அவர்கள், அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அலுவலகக் கட்டடத்திலேயே இருந்தோம் என்பதைக் கருதி, என் அப்பா கப்பலேறும் முன் ஒரு நாளைக் குறித்துத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கிழக்குச் சரிவிலும் ஆணிகள் இதே நிலையில்தான் உள்ளன. உத்தரவு கிடைத்தால் அதையும் முகட்டுப் பூச்சையும் நானே செய்து தருகிறேன். ஏணி பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. இரண்டு அப்பாக்களும் நேற்று மாலையிலிருந்து ஒன்றாகவே சுற்றுகிறார்கள். இந்த மனுவுக்கு உறை வாங்கவும் சேர்ந்தேதான் போயிருக்கிறார்கள்.

நாள்: 11-ஆம் தேதி, புதன்கிழமை
இடம்: பதிவு அலுவலக வராந்தா

இப்படிக்கு,
(கையொப்பம்) மணமகள்
(கையொப்பம்) மணமகன்

அலுவலகக் குறிப்பு: மனு ஏற்கப்பட்டது. ‘வரவில்லை’ பதிவு நீக்கப்படுகிறது. விளக்கம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாட்சிகளுடன் வரவும். கிழக்குச் சரிவு வேலையைக் கையெழுத்துப் போட்ட பிறகு தொடங்கினால் போதும்.
– மாவட்டப் பதிவாளர்