எதிர்மனுதாரர் விலாசம்

11.6.2024
பூப் பறித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் வந்து வரப்பில் நின்றார். அவருடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், குஜிலியம்பாறைப் பக்கம் படுத்த படுக்கையாம். நுரையீரல் போய்விட்டதாம்.

"அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வண்டி அனுப்புறோம் மதினி. வந்து உக்காந்துரு. மூத்தவளுக்குத்தான் தாலி இறக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முறையா? மகள் சுகன்யாவுக்கு அப்போது மூன்று வயது. கிணறு வெட்டப் போன மனுஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டார். முப்பத்தேழு வருஷம். அன்றைக்கு எந்த முறைக்காரன் வண்டி அனுப்பினான்?

அந்த உடம்புக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, பூ வைத்து, ஊர் பார்க்க வளையலை உடைத்து - மாட்டேன். அவர் போவதற்குள், நான் அவர் பெண்டாட்டி இல்லை என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

14.6.2024
கொடைரோட்டிலிருந்து மகள் போன். "பேரன் காலேஜ் போறான். இந்த வயசுல டைவர்ஸாம்மா? பாக்கிறவுக சிரிப்பாக."

"சிரிக்கட்டும். பல்லு அவுகளோடதுதானே?"

19.6.2024
வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார், ஒரு வரி எழுதவில்லை. என் கதையைக் கோர்ட்டில் இவர் வாயால் கேட்க வேண்டுமா? எழுந்து வந்துவிட்டேன். குடும்ப கோர்ட்டில் நாமே மனுப் போடலாம் என்று சட்ட உதவி மையத்தில் ரோசலின் என்ற பெண் சொல்லி, மாதிரி மனு ஒன்றும் தந்தது. தங்கமான பிள்ளை.

24.6.2024
நாலு நாள் எழுதினேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான், ஆனால் கோடு தாண்டாது. நான் மனுதாரர். அவர் எதிர்மனுதாரர். விலாசமெல்லாம் ரேஷன் கார்டைப் பார்த்துப் பிசகில்லாமல் எழுதினேன். கல்யாணப் பத்திரிகை நகலும் வைத்தேன். கோர்ட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

5.7.2024
மனுவுக்கு நம்பர் ஆகிவிட்டது.

22.7.2024
தபால்காரர் புதுசு. "பொம்மையனுக்குக் கோர்ட் தபால். ஆளைக் கூப்பிடுங்க ஆத்தா, கையெழுத்துப் போடணும்."

அவருக்கு நான் அனுப்பச் சொன்ன நோட்டீஸ். என் வாசலுக்கே வந்து நிற்கிறது.

23.7.2024
கோர்ட்டில் கிளார்க் அம்மா மனுவைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரே வீட்டு விலாசம் குடுத்துட்டு, விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"கார்டுல அப்படித்தானே இருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா பேரை ஏன் எடுக்கல?"

எடுத்திருக்கலாம். புருஷன் பெயர் இல்லாத கார்டு என்று ரேஷன் கடைக்காரன்கூட நினைத்துவிடக் கூடாது என்று இருந்தேன். என் ரோசமே என்னை மாட்டிவிட்டது. சரியான விலாசம் கொடுத்து மறு நோட்டீஸ் போக வேண்டுமாம். இரண்டு மாசம் தள்ளிவிட்டது. அந்த மனுஷன் தாங்குவாரா?

26.7.2024
கொழுந்தனிடம் விலாசம் கேட்டேன். "கோர்ட்டுக்குப் போற பொம்பளைக்கு விலாசம் ஒரு கேடா?" என்று போனை வைத்துவிட்டார்.

28.7.2024
நானே பஸ் ஏறினேன். குஜிலியம்பாறையில் இறங்கி, கிணறு வெட்டும் பொம்மையன் வீடு எது என்று விசாரித்துப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டில். அதில் எலும்பாக ஒரு ஆள். அந்த இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை.

கண்ணை இடுக்கிப் பார்த்தார். "சுந்தரமா? சாப்டியா?"

முப்பத்தேழு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியைப் பார்!

"வீட்டு நம்பர் எத்தனை?" என்றேன்.

நிலைப்படிப் பக்கம் விரலை நீட்டினார். 4/117. எழுதும்போது ஏழு கோணிவிட்டது.

18.9.2024
வந்துவிட்டார். அவருடைய மகன் முகேஷ்குமார் தோளில் தாங்கிக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்தான். சேர்ந்து வாழ வழி உண்டா என்று நீதிபதி அம்மா கேட்டார். அவருக்கு இருமி முடித்துத்தான் பேச முடிந்தது.

"நான் விட்டுட்டுத்தாங்க போனேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டதைக் குடுத்துருங்க."

இத்தனை பேர் முன்னால் சொன்னார். இதை அன்றைக்கே ஊரில் சொல்லியிருந்தால் என்ன? நான்தான் துரத்திவிட்டேன் என்று எத்தனை வாய் பேசியது.

அக்டோபர் 23 வாய்தா. என் சாட்சி முடிந்தால் தீர்ப்பாம்.

5.10.2024
போன் அடித்தாலே வண்டி வருதோன்னு வாசலைப் பார்க்கிறேன். இன்னும் பதினெட்டு நாள்.

16.10.2024
முகேஷ்குமார் பேசினான். திங்கட்கிழமை போய்விட்டாராம். எடுத்தும் முடித்துவிட்டார்களாம்.

"சித்தப்பா வண்டி அனுப்பத்தான் நின்னாரு பெரியம்மா. நான் விடல. 'அவளைக் கூப்புடக் கூடாது, எவன் போனாலும் நீ மறி'ன்னு அப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

நான் கேட்டது இதுதானே? பின்னே ஏன் சோறு இறங்கல? கதவைச் சாத்திக்கொண்டு தாலியை நானே கழற்றி வைத்தேன். அழுதேன். செத்த நேரம்தான்.

23.10.2024
போகாமல் இருந்திருக்கலாம். வாய்தாவுக்கு வராதவள் என்று பெயர் வேண்டாம். கிளிப்பச்சைச் சேலைதான் கட்டிப் போனேன்.

டவாலி மூன்று தடவை அவர் பெயரைக் கூப்பிட்டார். நான் முன்னால் போய் நின்று, இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் மனு இதோடு முடிந்தது, தீர்ப்பு கிடையாது என்றார் நீதிபதி அம்மா. சரி என்றேன்.

கிளார்க் இடத்தில் இன்று வேறு ஆள். எழுதிக்கொண்டே, "தகவல் சொல்றது யாரு? நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மனுதாரருங்க" என்றேன்.