சாம்பார் பொடி மேல் தப்பில்லை

தர்ஷினி,

தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. திருமுடிவாக்கத்தில் இன்று ஏழு மணி ஷிப்ட். கேஸ்காரர் பதினோரு மணிக்கு வருவார். காலி சிலிண்டர் வாசலில் இருக்கிறது.

நேற்று தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். "வெளிய நல்லா சாப்டுட்டு வர்றீங்க, அப்புறம் என் சாம்பார் எப்படி இறங்கும்?" என்றாய்.

வெளியில் சாப்பிடவில்லை. மூன்று வாரமாக எடை குறைய ஊசி போட்டுக்கொள்கிறேன், வாரம் ஒன்று. டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். பிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நீல டப்பாவில் இருக்கிறது.

சாப்பிட்டதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, மூளைக்குப் 'போதும்' என்று சொல்லுமாம். இந்த ஊசி அதையே நாள் முழுக்கச் சொல்கிறது. ஆறு இட்லி சாப்பிடுகிறவன் இரண்டில் நிற்கிறேன்.

"வாயைக் கட்ட ஊசியா?" என்று சிரிப்பாய் என்றுதான் மறைத்தேன். சாம்பார்தான் சரியில்லை என்று நீ மூன்று முறை சாம்பார் பொடியை மாற்றுவாய் என்று நினைக்கவில்லை.

குமரேசன்

பி.கு.: இன்று பழைய பொடியே போடு. எனக்கு ஒரு கரண்டி சாம்பார் போதும், ஆனால் அது வேண்டும்.

இன்னொன்று: சிரிப்பதாக இருந்தால் நான் ஆறு மணிக்கு வருவதற்குள் சிரித்து முடித்துவிடு.