மூன்று தும்மல்

1 ஜூலை 1991, திங்கள்

அன்புள்ள ராடிசாவ்,

நலமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நம் பால்கனியில் நின்றால் உன் முகாமின் கூரை தெரிகிறது. அங்கே ஒரு கடிதம் அனுப்ப, ரொட்டி வண்டிக்காரர் லொய்ஸேயின் காலில் விழாத குறை. எங்கள் ஆட்கள் முகாமைச் சுற்றி வளைத்து, உள்ளே தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்களாமே! சட்டை இரண்டும் வால்நட் ரொட்டியும் வைத்திருக்கிறேன். உன் சிப்பாய்ப் பையன்களுக்கும் கொடு. மீசைகூட ஒழுங்காக முளைக்காதவர்கள், பாவம்.

போன புதன்கிழமை ஸ்லோவேனியா இனித் தனி நாடு என்று கொடி ஏற்றிப் பாடினார்கள். விடிந்தால் யூகோஸ்லாவிய டாங்கிகள் தெருவில் நிற்கின்றன. உன் ராணுவம், என் நாடு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கீழ்வீட்டு ஸ்லாவ்கா மாடிப்படியில் மறித்துக்கொண்டு, "உன் புருஷன் எந்தப் பக்கம்டி?" என்றாள். "அவர் எப்பவும் சாப்பாட்டுப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரோஷ் வீட்டில் இல்லை. நம் பிள்ளை ஸ்லோவேனிய ஊர்க்காவல் படையில் சேர்ந்து, உன் முகாம் வாசலுக்கு எதிரே, மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு படுத்திருக்கிறான். வேறு இடம் கேளடா என்று கெஞ்சினேன். "நானேதான்மா இந்த இடத்தக் கேட்டு வாங்கினேன். அப்பா வெளிய வந்தா வேற எவனாவது சுட்டுருவான். நான் இருந்தா விடமாட்டேன்ல" என்கிறான். அவன் சுட மாட்டான். நீ? வாசல் காவல் உன் பொறுப்பாயிற்றே. எதிரே கிடப்பது யாரென்று உனக்கு எப்படித் தெரியும்?

சுற்றிலும் புல்லை அறுத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். அவனுக்கு அது ஆகாது, உனக்குத் தெரியாதா! நேற்று குளிக்க வந்தவன், "தும்மல் மாத்திரை எங்கம்மா?" என்று கேட்டான். தீர்ந்துபோய்விட்டது என்று பொய் சொன்னேன். மாத்திரை என் கவுன் பைக்குள்தான் இருந்தது. தும்மட்டும், அப்போதாவது அப்பனுக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்தேன். அவன் போன பிறகுதான் உறைத்தது. இந்தக் கடிதம் உன் கைக்கு வராவிட்டால், அந்தத் தும்மலே அவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பெற்றவள் செய்கிற காரியமா இது?

வழியில் இரண்டு பக்கத்து ஆட்களும் இதைப் பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டும். படித்துவிட்டு உன்னிடம் கொடுத்தால் போதும்.

ராடிசாவ், எதிர்ப்பக்கம் தும்மல் கேட்டால் சுடாதே. உன் ஆட்களையும் சுட விடாதே. ஒன்றோடு நிற்காது, வரிசையாக மூன்று வரும். "காட்டுல ஒரு முயல் மிச்சமில்ல, எல்லாம் ஓடிப்போச்சு" என்று கேலி செய்வாயே, அதே தும்மல்தான். மூன்றாவது முடிந்ததும், வீட்டில் சொல்வதுபோலவே சத்தமாகச் சொல்: "ஆரோக்கியமா இருடா, மகனே!" வாசலில் நிற்பது நீதான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

பால்கனிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். எனக்கும் கேட்கிற மாதிரி சொல்.

உங்கள் இரண்டு பேரையும் கடவுள் ஒரே கையால் காப்பாற்றட்டும்.

உன்
தாரிங்கா