கண் மூடிய படங்கள்

என் அருமை அப்பாவுக்கு,

"அருமை" என்று எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு சைக்கிள் பழக்கியதும் நீங்கள்தான், துடைப்பக் கட்டை முறியும்வரை அடித்ததும் நீங்கள்தான். இதில் எதை வைத்து உங்களைக் கூப்பிடுவது?

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம். நைனார்பாளையத்து வீட்டு முன்னால் தம்பி பெரிய பேனர் வைக்கப்போகிறான். டிவியில் உங்கள் படங்களையும் ஓடவிட வேண்டுமாம். அதற்காக உங்கள் கம்ப்யூட்டரைத் தூசி தட்டி உட்கார்ந்தோம். கரும்பு வெட்டு, காது குத்து, மாட்டுப் பொங்கல், யாருக்கோ வளைகாப்பு என்று ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உங்களுக்குப் படம் எடுக்கத் தெரியும், அழிக்கத் தெரியாது. கேமராவின் கார்டு நிறைந்தால் ஸ்டுடியோக்காரர் வந்து எல்லாவற்றையும் அப்படியே ஏற்றிவிட்டுப் போவார்.

கண் மூடிய படம் வீட்டில் இருந்தால் அந்த ஆள் உயிரோடு தங்கமாட்டார் என்று உங்களுக்கு ஒரு பயம். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடிவந்து எங்கள் நடுவில் நிற்பீர்கள். அந்தச் சிவப்பு விளக்கு மின்னும்போதே நான் கண்ணை அகல விரித்து வைத்துக்கொள்வேன். ஒருமுறை அமுக்கினால் அது வரிசையாகப் பல படம் எடுக்கும். யார் இமைத்தாலும் ஓரக்கண்ணால் கண்டுபிடித்துவிடுவீர்கள். கேமரா எடுத்து முடிப்பதற்குள் உங்கள் கை எங்கள்மேல் இறங்கிவிடும். பிறகு முகம் கழுவி, பவுடர் போட்டு, மறுபடி சிரிக்க வேண்டும். நாங்கள் செத்துவிடக் கூடாது என்றுதான் எங்களை அடித்தீர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது அப்பா?

கல்வராயன் மலையில் மேகம் அருவிக்குப் போனோமே, அந்தப் படங்கள் வந்தன. முதல் படத்தில் அம்மா கண்ணை மூடியிருக்கிறாள், இடுப்பில் கைக்குழந்தையாகத் தம்பி. அடுத்ததில் உங்கள் கை கலங்கலாகத் தெரிகிறது, அம்மாவின் தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. அதற்கடுத்ததில் அம்மா பாறையில் கிடக்கிறாள், காதிலிருந்து ரத்தம். நீங்கள் கொண்டையைப் பிடித்துத் தூக்குகிறீர்கள். தம்பி கீழே கிடந்து அழுகிறான், நான் வாயைப் பிளந்து கத்துகிறேன். மறுபடி எடுத்த கடைசிப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தெளிவில்லாததை அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"அழிச்சிடுக்கா," என்றான் தம்பி. அவன் குரல் சரியாக இல்லை. அம்மாவுக்கு இடது காது கேட்காமல் போனது அருவியில் வழுக்கி விழுந்ததால் என்றுதானே ஊருக்கே சொல்லிவைத்திருந்தோம்? அதை நம்பி வளர்ந்தவன் அவன்.

"அம்மா வழுக்கி வுழலடா. இதான் நடந்துச்சி, நல்லா பாரு," என்றேன். மௌசை நான் விடவில்லை.

"செத்த மனுசன அசிங்கப்படுத்திக்கினு இருக்கியா நீ?" என்று என்னை நாற்காலியோடு சேர்த்து இழுத்தான். மேசை முனை இடித்து என் உதடு கிழிந்தது. எழுந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன், வாயில் ரத்தம் கரித்தது. யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. என் முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கை ஓங்கினான். அச்சு அசல் உங்கள் கை அப்பா. எனக்குத் தன்னால் கண் மூடிக்கொண்டது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். சத்தம் அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கம்ப்யூட்டரில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, வலது கன்னத்தை அவனுக்குத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் அடிடா. இந்தக் காதுதான் இன்னும் கேட்டுக்கினு இருக்குது."

ஓங்கிய கை இறங்கவில்லை. என் முடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தவன், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

"இன்னாத்துக்கு அழிக்கணும்?" என்றாள் அம்மா. "வழுக்கி வுழுந்தேன், வழுக்கி வுழுந்தேன்னு சொல்லிக்கினே இருந்து, எனக்கே அதான் நெசம்னு ஆயிப்போச்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அந்தப் படங்களுக்குத் தனி ஃபோல்டர் போட்டோம். பெயர் என்ன வைப்பது என்று அம்மாவையே கேட்டோம்.

"காது போன நாளுன்னு போடு."

தம்பிதான் டைப் செய்தான்.

உங்கள் நினைவு நாளில் ஒரு குறையும் இருக்காது. படையல் போடுவோம், பேனரும் வரும். ஆனால் டிவியில் படம் ஓடாது, வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். தையில் தம்பிக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, அவன் கையாலேயே அந்த ஃபோல்டரைத் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறான். அவன் காட்டாவிட்டால் நான் காட்டுவேன் அப்பா. இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் அப்பா என்றே கூப்பிடுகிற
உங்கள் மூத்த மகள்