கொறே நாளாச்சு

ஆகஸ்ட் 12, 2025

நான் வேலை பார்க்கும் ஆன்லைன் சென்டரில் இன்று முப்பத்தோரு விண்ணப்பம். வருகிறவர்கள் எல்லாம் என் குரலைக் கேட்டு, சளி பிடித்திருக்கிறதா என்கிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது வருமானச் சான்றிதழுக்கு வந்த கூட்டத்தோடு கத்திக் கத்திப் போன குரல். இன்னும் வீடு திரும்பவில்லை.

சாயங்காலம் ஏஜெண்ட் லேகா வந்து இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தாள். எங்கள் கொல்லயில் பஞ்சாயத்தில் பாதிப் பேருக்கு இலவச சிகிச்சை அட்டைக்கு எழுதிக் கொடுத்தவள் நான். எங்களுடையது வெள்ளை ரேஷன் கார்டு, வசதியானவர்கள் கணக்கு; அதனால் எங்களுக்கு அந்த அட்டை கிடையாது. படிவத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா' என்ற இடத்தில் நானே 'இல்லை' என்று தட்டினேன். தொண்டைக் கரகரப்பெல்லாம் ஒரு நோயா?

ஆகஸ்ட் 13

நோயில்லை என்றால், 'இல்லை' என்று தட்டுமுன் லேகா பார்க்கிறாளா என்று ஏன் திரும்பிப் பார்த்தேன்?

ஆகஸ்ட் 30

லேகா வழியில் நிறுத்திச் சொன்னாள்: "முப்பது நாளு கழியாம ஆசுபத்திரி பக்கம் போயிராத மக்கா. பாலிசிக்கு முன்ன உள்ள அசுகம்னு டாக்டர் சீட்டுல ஒரு வரி எழுதிட்டா, பின்ன ஒண்ணும் கிட்டாது."

இவர் தினமும் போகலாம், போகலாம் என்கிறார். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற மனுஷன். மழையால் இரண்டு வாரமாக வீட்டில். ஆபரேஷன் என்று ஒன்று வந்தால் விற்க இந்த ஏழு சென்ட் மட்டும்தான் என்றேன். எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 20

போய்விட்டு வந்தோம். டாக்டர் புதுசு, மதுரைப் பக்கத்துக்காரர். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். 'ஒரு வாரம்' என்று சொல்ல ராத்திரியிலிருந்து பயிற்சி எடுத்திருந்தேன். நேரத்துக்குக் குரல் வரவில்லை. இவர் முந்திக்கொண்டார்.

"கொறே நாளாச்சு டாக்டர்."

எனக்கு உயிர் போய்விட்டது. மலையாளம் கலந்த நம் பேச்சில் 'கொறே' என்றால் ஏராளம். மதுரைக்காரருக்கு அது குறைச்சல்! சீட்டில் 'சில நாட்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்துவிட்டேன், படிவம் பார்த்துப் பழகிய கண். இவர் கவனிக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை, மிண்டவே இல்லை.

மாத்திரை, ஆவி, பேசாமல் ஓய்வு. இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பாக வந்தது. சந்தோஷப்பட்டேன். இந்த நோட்டில் எதற்கு மறைக்க வேண்டும்?

அக்டோபர் 4

இரண்டு வாரம் ஆயிற்று. போகவில்லை. பாலிசி எடுத்த கையோடு பெரிய செலவு வந்தால் தோண்டித் துருவுவார்கள் என்கிறாள் லேகா. வருஷம் பிறக்கட்டும். குணமாகி வருகிறது என்று இவரிடம் சொன்னேன். சொன்னேனா — காற்றுதான் வந்தது.

நவம்பர் 2

மரச்சீனிக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. கஞ்சி குடித்தேன்.

நவம்பர் 16

துப்பியதில் சிவப்பு. நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவினேன். எதுக்குக் கழுவினேன்? இன்சூரன்ஸ்காரன் வந்து அங்கணத்துல எட்டிப் பாக்கப் போறானா? எனக்குக் கிறுக்குதான்.

டிசம்பர் 29

பத்து நாள் முன்பு மூச்சு இழுத்துவிட்டது. இவர் ஆட்டோவிலேயே திருவனந்தபுரம் கொண்டுபோனார். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இன்று முடிவு. குரல்வளையில் புற்று. செப்டம்பரிலேயே பார்த்திருந்தால் கதிர்வீச்சு சிகிச்சையோடு முடிந்திருக்குமாம். இப்போது குரல்வளையையே எடுக்க வேண்டும்.

பழைய சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, அப்போது சில நாள் என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள் என்று இவரிடம் கேட்டார். இவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் மூணு மாசம்னு தெளிச்சுச் சொல்லியிருக்கணும். என் நாக்கு சதிச்சுப் போட்டு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 12, 2026

இன்சூரன்ஸ் பாஸாகிவிட்டது. அந்தச் சீட்டில் 'சில நாட்கள்' என்று இருந்ததால் தப்பித்தோம் என்று லேகா போனில் சொன்னாள். ஏழு சென்ட் அப்படியே இருக்கும்.

நாளைக் காலை ஆபரேஷன். குரல் இழை மாதிரி கொஞ்சம் மிச்சம் உண்டு. இவர் போனில் பதிவைப் போட்டு என் வாயருகே நீட்டினார்.

"என்னமெங்கிலும் சொல்லு. பொறவு கேக்கதுக்காக்கும்."

இரண்டு மூன்று தடவை முயன்றபின் வந்தது.

"டாக்டர் தப்பா எழுதினதை நான் அப்பமே வாசிச்சேன். தெரிஞ்சுதான் மிண்டாம இருந்தேன்."

இவர் போனைத் தாழ்த்தவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.