எங்களுக்கு உதவாத ஆறு பெட்டிகள்

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுவது. அம்மா, உன் அத்தான், நான், மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள், மிச்சத்தை அப்புறம் படி.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து இன்றோடு பதினொரு நாள். தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு போகவில்லை. நம் வீட்டுக்குள் ஜன்னல் கம்பி மட்டத்துக்குச் சேறு. உன் அத்தான் தினமும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வாசற்படி எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு வருகிறார். நாங்கள் இருப்பது பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பு அறையில், எட்டுக் குடும்பம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கழித்தல் கணக்கு ஒன்று இருந்தது. உன் அத்தான் பொழுது போகாமல் அதைப் போட்டு முடித்தார். விடை தப்பு.

அம்மாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரில் வரும்போது கூரைத் தகரம் ஒன்று கணுக்காலைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் சர்க்கரை உடம்பு இல்லையா, ஆறவில்லை. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது, வாடை வருகிறது. வலிக்கவே இல்லை என்கிறாள். வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயம், அது ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்து மூடிக் கிடக்கிறது. கம்பவுண்டர் ஒருவர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து ஊதா மருந்தைத் தடவிவிட்டு, டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்கிறார். எந்த டாக்டரை? அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும்!

நான் குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் கோபம் வருகிறது. முந்தாநாள் ரேடியோவில் சொல்கிறான், நிலநடுக்கம் வந்த அந்த நாட்டுக்கு நம் அரசாங்கம் இன்னொரு தவணை உதவி அறிவித்திருக்கிறதாம். நீ அரசாங்கத்தின் கூடார ஆஸ்பத்திரியோடு நர்ஸாக அங்கே போய் நாலு மாதம் ஆகிறது, நான் ஒரு வார்த்தை குறை சொன்னேனா? அடிபட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று பஸ் நிலையம் முழுக்கப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் இங்கே குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய், அதுவும் ஓட்டை. நிவாரண அதிகாரியிடம் போய், அங்கே போகிற பணத்தை இங்கே திருப்பினால் என்ன என்று கேட்டேன். அது வேறு தலைப்பும்மா, இது வேறு தலைப்பு, வெளிநாட்டுக்கு ஒதுக்கினதை உள்ளூருக்குத் தொட முடியாது என்றார். ஆறு எந்தத் தலைப்பில் சார் வீட்டுக்குள்ளே வந்தது என்று கேட்டேன். மனுஷன் பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நேற்று அமைச்சர் வந்தார், டிவிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. எல்லோரும் வரிசையாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. பதினெட்டு வருஷம் டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்திப் பழகின குரல், மைக்கே தேவைப்படவில்லை. என் கூடப் பிறந்தவளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் அடுத்தவர் பிள்ளைக்கு மருந்து கட்ட வைத்திருக்கிறீர்கள், அவளைப் பெற்றவள் இங்கே பெஞ்சில் கால் அழுகிக் கிடக்கிறாள், நாங்கள் என்ன உங்களுக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகளா என்று கேட்டுவிட்டேன். சனம் கை தட்டியது. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அடக்கி வாசித்திருக்கலாம் என்று உன் அத்தான் முணுமுணுக்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான்.

போன் கோபுரம் விழுந்து கிடக்கிறது. உங்கள் துறை அலுவலகத்திலிருந்து வாரம் ஒரு தடவை உங்களுக்குப் போகும் தபால் பையில் இதைப் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

அன்புள்ள பொடிசுக்கு,

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ வருகிறாயாமே!

நான் பேசினதை டிவியில் மூன்று நாள் விடாமல் போட்டிருக்கிறார்கள். ஒரு அக்காவின் கண்ணீர் என் கண்ணைத் திறந்துவிட்டது என்று அமைச்சர் சபையில் பேசினாராம். நான் எங்கே அழுதேன்? கத்தத்தானே செய்தேன். போகட்டும். இந்த வருஷத்துக்கு வெளிநாட்டு உதவி முழுக்க நிறுத்தம், கூடார ஆஸ்பத்திரி நம் ஊருக்கே திரும்பி வருகிறது, சாமானோடு, ஆளோடு, விமானத்தில், இந்த வாரமே என்று உத்தரவு. முகாமில் எனக்கு ஏக மரியாதை. ஜன்னலோர இடத்தை எங்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. பாதத்தை எடுக்க வேண்டி வரலாம் என்று கம்பவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பொடிசு வருகிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று மட்டும் சொன்னேன். நிவாரணத்தில் வந்த இரண்டு போர்வையில் நல்லதை மடித்து, தலைக்கு அடியில் உனக்கென்று வைத்திருக்கிறாள். என்னைத் தொடக்கூட விடவில்லை.

உனக்கும் சந்தோஷம்தானே? அங்கே இருக்கிற பிள்ளைகளை வேறு நாட்டுக்காரர்கள் யாராவது பார்த்துக்கொள்வார்கள். உலகத்தில் நாட்டுக்கா பஞ்சம்? நீ கிளம்பு. இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நீயே வந்துவிடுவாய், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் அக்கா

*

அன்புள்ள பொடிசுக்கு,

பழக்கத்தில் பொடிசு என்று எழுதிவிட்டேன். அப்படிக் கூப்பிடுகிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

தபால் பை நின்றுவிட்டது. அங்கே நமக்கு இனி ஆளே கிடையாது, பை எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆள் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர்கள் பதிவேட்டில் நீ ராஜினாமா செய்தவள். போனையும் ஒப்படைத்துவிட்டாயாம். வெள்ளிக்கிழமை ஒரு தொண்டு நிறுவனத்தின் கப்பல் அந்தப் பக்கம் போகிறது. உங்கள் ஆஸ்பத்திரியோடு திரும்பி வந்த ஒல்லி டாக்டர்தான் ஆளைப் பிடித்து, இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு நாலு லாரி பள்ளிக்கூட மைதானத்துக்குள் வந்தது. இருக்கிற ஒரே நல்ல துணியைக் கட்டிக்கொண்டு நான் கேட்டிலேயே நின்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி லாரியின் கதவை டிரைவர் சாத்திப் பூட்டிய பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் தங்கச்சி எங்கே என்று கத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒல்லி டாக்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன் என்றார்.

அவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் சமையல்காரர் போனில் நான் கத்தினதை நீங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தீர்களாம். ஆஸ்பத்திரியை மூட வைத்த பொம்பளை என்று ஆளாளுக்கு என்னைத் திட்டினார்களாம். நீ மட்டும், அவங்களைத் திட்டாதீங்க, அவங்க வீடு சேத்துக்குள்ளே கிடக்கு, அவங்க அம்மாவுக்குக் கால் சரியில்லை என்று சொன்னாயாம். அது உன் அம்மா, நான் உன் அக்கா, நான் சொன்ன கூடப் பிறந்தவள் நீதான் என்று சொல்லவே இல்லையாம். எழுந்து போய் யாருக்கோ டிரிப்ஸ் மாற்றினாயாம். நகர்த்த முடியாத பிள்ளைகள் பதினேழு பேர் இருந்தார்களாம், எந்த நாட்டுக்காரரும் வரவில்லையாம். நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர்களோடு ஒரு கோடவுனுக்குள் போய்விட்டாயாம்.

பொடிசு, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்க முடியவில்லை. அம்மாவின் கால் பிழைத்துவிட்டது. ஒரு விரல் போயிற்று, கால் தங்கிவிட்டது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று ஒல்லி டாக்டர் சொன்னார். நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்த நாலு நாள் போயிருக்கும். அப்புறம் எப்படி நான் கத்தினது தப்பு என்று எழுதுவேன்? தப்பில்லை என்றும் எழுத முடியவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன். இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது.

இன்னொன்று கேள். வந்த ஆஸ்பத்திரி பிள்ளைகள் அளவு! கட்டிலில் படுத்தால் அம்மாவுக்கு முழங்காலோடு கட்டில் முடிகிறது, மிச்சக் காலுக்கு நாலாம் வகுப்பு பெஞ்சைப் போட்டிருக்கிறோம். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை என் மணிக்கட்டைத்தான் சுற்றுகிறது. நம் முகாம் பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்து வைத்த பிறகும் ஆறு பெட்டி திறக்காமலே கிடந்தது. சின்னக் கை கால்களுக்குக் கட்டுகிற பலகை, மெல்லிசு டியூப், மூக்கில் வைக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆக்சிஜன் மூடி. மேலே ஒட்டின சீட்டில் உன் கையெழுத்து.

அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி நிவாரண அதிகாரியின் அறை வாசலில் ஒன்பது நாள் நின்றேன். வரவழைத்ததும் நீங்கள்தான், அனுப்பச் சொல்வதும் நீங்கள்தானா என்றார். ஆமாம் சார், நானேதான் என்றேன். வெளிநாட்டுக்கு ஒரு பஞ்சுகூட இனி போகக் கூடாது, உத்தரவு என்றார். அன்றைக்கு என்னைப் படம் பிடித்த டிவிக்காரியைத் தேடிப் போனேன், அது பழைய செய்தி என்றாள். பத்தாம் நாள் அந்த மனுஷனே கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். உதவி என்று எழுதினால் போகாது, உதவாத சாமான் என்று எழுதினால் கழித்துவிடலாம், கழித்ததை யார் எடுத்துக்கொண்டு போனாலும் நான் கேட்க மாட்டேன், ஆனால் உபயோகிக்கிறவர்கள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றார்.

கொடுத்தோம்! முகாம் முழுக்க உட்கார்ந்து புகார் எழுதினோம். மூடி மூக்குக்குப் பற்றவில்லை, பலகை என் விரலுக்குத்தான் ஆகும், இந்த டியூபால் எங்களுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று. நான் கை தட்டல் வாங்கினபோது தட்டின அதே ஆட்கள்தான். இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள், இங்கேயே ஒன்றும் இல்லை, இருப்பதையும் அனுப்புவதா என்று. அவர்களை நான் என்ன சொல்ல? நான் சொன்ன வார்த்தைதானே அது. முதல் கையெழுத்து அம்மா போட்டது. ஆறு பெட்டியும் இந்தக் கடிதத்தோடு வருகிறது. மேலே உதவாதவை என்று சிவப்பு மையில் முத்திரை இருக்கும். பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதே.

நீ வரவில்லை என்று சொன்னதும் அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், எத்தனை பிள்ளைகளாம் என்று கேட்டாள். பதினேழு என்றேன். அப்படியென்றால் நாளாகும் என்று சொல்லி, போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்கு ஒரு வரி எழுது. எனக்குத் திட்டியாவது எழுது, நாலு பக்கம் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் பிழைத்து எழுந்துவிட்டால் நீ வந்துவிடுவாய் என்றுதான் முதலில் வேண்டினேன். பெட்டிகளைக் கட்டிய அன்றைக்கு அந்த மூடி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நீ வர நாளானாலும் சரி, வராமலே போனாலும் சரி, அந்தப் பதினேழும் பிழைத்துக் கிடக்கட்டும்.

உன் அக்கா